கடலடி வேட்டை: ஜப்பானின் காவல் கப்பல்கள் பற்றி வாசகர் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் எண்ணெய்க் கப்பல்களுக்குத் துணையாக ஜப்பானியக் கடற்படை அனுப்பிய ‘கைபோகான்’ என்ற சிறு காவல் கப்பல்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டிருந்தோம். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடலோர வாசகர்கள் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். கடலில் கால் நனைத்தவர்களின் கேள்விகள் என்பதால் பதிலையும் கணக்கோடு தருகிறோம்.

கைபோகான் என்றால் என்ன பொருள்? நம் மண்டபம் பக்கம் வரும் கடலோரக் காவல்படைக் கப்பல் மாதிரியா?
– தொண்டி வாசகர்

ஜப்பானிய மொழியில் கை என்றால் கடல், போ என்றால் காப்பு, கான் என்றால் போர்க்கலம். கடற்காப்புக் கலம் என்று சொல்லலாம். முதலில் வயதான பெரிய போர்க்கப்பல்களைக் கரைக் காவலுக்கு ஒதுக்கி வைத்து அவற்றைத்தான் இந்தப் பெயரால் அழைத்தார்கள். பிறகு அதே பெயர் சிறு கப்பல்களுக்கு வந்தது.

புதிய வகையின் மூத்த கப்பல் ‘ஷிமுஷு’. 1940 ஜூனில் கட்டி முடிந்தது. 860 டன், நீளம் 77.7 மீட்டர், அகலம் 9.1 மீட்டர், தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் 3 மீட்டரைச் சற்றுத் தாண்டும். இரண்டு டீசல் எஞ்சின், வேகம் 19.7 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்), 120 மி.மீ. பீரங்கி மூன்று. சோவியத் எல்லையை ஒட்டிய குரில் தீவுக் கடலில் ஜப்பானிய மீன்பிடிப் படகுகளுக்குக் காவல் நிற்பதுதான் இதற்கு முதலில் எழுதி வைத்த வேலை. அந்த வகையில் மண்டபம் காவல் கப்பலோடு ஒப்பிட்ட உங்கள் கணிப்பு பாதி சரி.

நீர்மூழ்கி வேட்டை பின்னால் வந்து சேர்ந்த பொறுப்பு. புதிதாக வந்தபோது ஷிமுஷுவில் நீர்மூழ்கிக்கு எதிரான ஆழ்கடல் குண்டு வெறும் 12தான் இருந்தது. இந்த எண்ணை நினைவில் வையுங்கள். கீழே வேறொரு எண்ணோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது.

ஒற்றைப்படை எண், இரட்டைப்படை எண் என்று கப்பல்களுக்குப் பெயர் வைத்ததாக எழுதியிருந்தீர்கள். ஏன் அப்படி?
– தேவிபட்டினம் வாசகர்

எஞ்சின் தட்டுப்பாடுதான் காரணம். போர் தொடங்கிய 1941 டிசம்பரில் ஜப்பானிடம் இருந்த புதுவகைக் கைபோகான் நான்கே நான்கு: ஷிமுஷு, ஹச்சிஜோ, குனாஷிரி, இஷிகாகி. எதிரியின் பெரிய கடற்படையோடு ஒரே மோதலில் முடிவு காண்பது என்ற எண்ணத்திலேயே தலைமை இருந்தது. சரக்குக் கப்பலுக்குக் காவல் போவது அவர்கள் கண்ணில் சிறு வேலை. அதன் விலையை 1943-ல் உணர்ந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில்தான் கப்பல் அணிக் காவலுக்கென்று தனித் தலைமையகமே அமைந்தது.

அவசரத்தில் இரண்டு எளிய வடிவங்கள் வரைந்தார்கள். ‘சி’ வகைக்கு ஒற்றைப்படை எண்: 745 டன், 67.5 மீட்டர் நீளம், சிறு நீர்மூழ்கி வேட்டைக் கலங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த டீசல் எஞ்சின் இரண்டு, மொத்தம் 1,900 குதிரைத்திறன், 16.5 நாட். தேவைக்கு ஏற்ற அளவு டீசல் எஞ்சின் செய்து தள்ள முடியவில்லை. அதனால் ‘டி’ வகைக்குப் போர்க்காலச் சரக்குக் கப்பலுக்கான நீராவி டர்பைனைப் பொருத்தினார்கள்: 740 டன், 69.5 மீட்டர், 2,500 குதிரைத்திறன், 17.5 நாட். இதற்கு இரட்டைப்படை எண்.

வேகத்தில் ஒரு நாட் கூடினாலும் ‘டி’ வகைக்கு இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, ஒரே புரொப்பல்லர். அது அடிபட்டால் கப்பல் அப்படியே நிற்கும். ஒற்றை எஞ்சின் படகு நடுக்கடலில் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு, நீராவி எரிபொருளைக் குடிக்கும். 14 நாட் வேகத்தில் ‘சி’ வகை 6,500 கடல் மைல் போகும். ‘டி’ வகை 4,500தான். ஜப்பானின் மோஜி துறைமுகத்திலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,500 கடல் மைல். ‘சி’ வகை ஒரு தடவை நிரப்பிய எண்ணெயில் போய்த் திரும்பிவிடும். ‘டி’ வகையால் முடியாது.

உடலை வளைவு இல்லாத தட்டைத் தகடுகளாக மாற்றி, ஆணி அடிப்பதைக் குறைத்து வெல்டிங்கைக் கூட்டினார்கள். கப்பலைத் துண்டு துண்டாகத் தனித்தனியே செய்து கடைசியில் சேர்த்தார்கள். நல்ல கப்பல் கட்டும் தளங்களில் மூன்று மாதத்துக்குள் ஒரு கப்பல் இறங்கியது. அழகு போனது, ஆனால் எண்ணிக்கை வந்தது. எங்கள் கருத்தில், கையில் கிடைத்த எஞ்சினை வைத்து இவ்வளவு செய்தது மெச்சத்தக்க பொறியியல். குறை வரைபடத்தில் இல்லை, தேதியில் இருக்கிறது. இந்த இரு வகைகளும் 1944 தொடக்கத்தில்தான் கடலுக்கு வந்தன.

எங்கள் விசைப்படகில் எக்கோ சவுண்டர் இருக்கிறது. மீன் கூட்டம் கீழே இருந்தால் திரையில் தெரிகிறது. அதே கருவிதானே? பிறகு நீர்மூழ்கி எப்படித் தப்பியது?
– ராமேஸ்வரம் வாசகர்

தத்துவம் ஒன்றுதான். ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை அளப்பது. கடலில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் ஓடும். எதிரொலி இரண்டு வினாடியில் திரும்பினால் பொருள் 1,500 மீட்டர் தூரத்தில் இருக்கிறது.

வித்தியாசம் திசையில். உங்கள் கருவி நேர் கீழே பார்க்கிறது. நீர்மூழ்கி தேடும் கருவி பக்கவாட்டில், டார்ச் வெளிச்சம் போல ஒரு குறுகிய கற்றையாக ஒலியை அனுப்பும். அதைச் சிறிது சிறிதாகத் திருப்பி வட்டம் முழுக்கத் தேட வேண்டும். ஜப்பானியர் முதலில் ‘93-ஆம் வகை’ என்ற கருவியையும், பிறகு ஜெர்மன் கருவியின் அடிப்படையில் செய்த ‘3-ஆம் வகை’யையும் வைத்திருந்தார்கள். இந்த எண்கள் ஜப்பானிய அரச ஆண்டுக் கணக்கின் கடைசி இலக்கங்கள். 2593 என்பது 1933; 2603 என்பது 1943.

கண்ணில் மண் தூவியது மூன்று விஷயங்கள்.

முதலாவது வெயில். மேல்தண்ணீர் சூடாகவும் கீழே குளிர்ந்தும் இருந்தால் பக்கவாட்டில் போகும் ஒலி கீழ்நோக்கி வளையும். சூடும் குளிரும் சந்திக்கும் அடுக்குக்குக் கீழே, ஒலி எட்டாத ஒரு நிழல் உருவாகும். தென்சீனக் கடலில் இது சாதாரணம். மன்னார் வளைகுடாவில் ஆழக்கடலுக்குப் போகிறவர்கள் வலையை இழுக்கும்போது அடியிலிருந்து வரும் கயிறு கைக்குச் சில்லென்று படுவதை அறிவார்கள், அதே அடுக்குதான். அமெரிக்க நீர்மூழ்கிகள் ஆழத்துக்கு ஆழம் வெப்பத்தைப் பதிவு செய்யும் கருவியை வைத்திருந்தன. அடுக்கு எங்கே என்று பார்த்து அதன் கீழே போய் அமைதியாக நிற்கும்.

இரண்டாவது, சொந்தச் சத்தம். எஞ்சினை வேகமாக ஓட்டினால் தன் புரொப்பல்லர் இரைச்சலே காதை அடைக்கும். மெதுவாகப் போனால் கேட்கும். ஆனால் காவல் கொடுக்கும் கப்பல் அணி முன்னால் போய்விடும்.

மூன்றாவதுதான் மோசமானது. இலக்கை நெருங்க நெருங்க, அது ஒலிக் கற்றைக்குக் கீழே நழுவிவிடும். கடைசிச் சில நூறு மீட்டரைக் குருட்டுக் கணக்கில்தான் ஓட வேண்டும். அந்த நேரத்தில் நீர்மூழ்கி சட்டென்று திரும்பும். பிரிட்டிஷார் இதற்கு மருந்து கண்டார்கள்: தொடர்பு அறுபடும் முன்பே அணியத்திலிருந்து, அதாவது கப்பலின் முன்முனையிலிருந்து, 24 குண்டுகளை முன்னால் வீசும் ‘ஹெட்ஜ்ஹாக்’. ஜப்பானியரிடம் அதற்கு ஈடானது இல்லை. ‘சி’, ‘டி’ வகைகளின் அணியத்தில் தரைப்படையின் 80 மி.மீ. மோர்ட்டார் ஒன்றை வைத்தார்கள். அது நீர்மூழ்கியின் உடலைப் பிளக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரவில் நீர்மூழ்கி நீருக்கு மேலேயே வந்து 20 நாட் வேகத்தில் ஓடித் தாக்கும். 16.5 நாட் ஓடும் கப்பல் அதை எப்படித் துரத்திப் பிடிக்கும்? நாட்டுப்படகு விசைப்படகைத் துரத்துகிற கதைதான்.

குண்டு இத்தனை ஆழத்தில்தான் வெடிக்க வேண்டும் என்று எப்படிச் சொல்லி வைத்தார்கள்? படிப்படியாக விளக்க வேண்டும்.
– மண்டபம் வாசகர்

ஆழ்கடல் குண்டு ஒரு இரும்புப் பீப்பாய். 1935-ல் வந்த ‘95-ஆம் வகை’க்கு விட்டம் 45 செ.மீ., மொத்த எடை 160 கிலோ, அதில் வெடிமருந்து 100 கிலோ. 1942-ல் வந்த ‘2-ஆம் வகை’யில் 105 கிலோ மருந்து.

பீப்பாய்க்குள் இருக்கும் வெடிப்பானில் ஒரு சிறு அறை. கடல்நீர் ஒரு துளை வழியே அதற்குள் நிரம்பும். நிரம்பியதும் அடிமுள் விடுபட்டு மருந்தைத் தட்டும். துளையைப் பெரிதாக வைத்தால் சீக்கிரம் நிரம்பி மேலேயே வெடிக்கும். சிறிதாக வைத்தால் இன்னும் கீழே இறங்கி வெடிக்கும். ஆக, ஆழம் வைப்பது என்றால் துளையின் அளவைத் தேர்ந்தெடுப்பது. குண்டு எதிர்பார்த்த வேகத்தில் மூழ்கினால்தான் கணக்கு சரியாக வரும்.

95-ஆம் வகையில் தொடக்கத்தில் இரண்டே ஆழங்கள்: 30 மீட்டர், 60 மீட்டர். நம் பாகக் கணக்கில் சுமார் 16 பாகம், 33 பாகம். அமெரிக்காவின் கேட்டோ வகை நீர்மூழ்கி 90 மீட்டர் வரை இறங்கச் சோதிக்கப்பட்டது; அடுத்து வந்த பலாவ் வகை 120 மீட்டர். மேலே குண்டு வெடிக்க, கீழே நீர்மூழ்கி நகர்ந்து போய்விடும். பிறகு 90 மீட்டர் அமைப்பு சேர்ந்தது. 2-ஆம் வகையில் 30, 60, 90, 120, 145 மீட்டர் என ஐந்து ஆழங்கள் வந்தன.

1943-ல் ஆண்ட்ரூ மே என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர், ஜப்பானியர் குண்டை ஆழம் குறைத்து வைக்கிறார்கள் என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார் என்பதும், அதனால்தான் ஜப்பானியர் திருத்திக்கொண்டார்கள் என்பதும் பலரும் எழுதுவது. ஆழம் கூடிய குண்டு அதற்கு முந்தைய ஆண்டே வடிவமைக்கப்பட்டுவிட்டது. பழி முழுவதையும் அந்தப் பேச்சின் மேல் போடுவது சரியல்ல என்றே நினைக்கிறோம்.

தாக்கும் முறை இப்படி. எதிரொலி கிடைத்ததும் வேகத்தைக் குறைத்து, அடுத்தடுத்த எதிரொலிகளிலிருந்து இலக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணிப்பார்கள். ஆழத்தைக் குத்துமதிப்பாக முடிவு செய்து துளையை அமைப்பார்கள். பிறகு வேகத்தைக் கூட்டி இலக்கின் மேல் ஓடுவார்கள். அமரத்தில், அதாவது கப்பலின் பின்முனையில், உள்ள தண்டவாளத்திலிருந்து குண்டுகள் உருண்டு விழும். பக்கத்துக்கு ஆறாக இருக்கும் 12 எறிகருவிகள் இரு பக்கமும் வீசும். கடலில் குண்டுகள் ஒரு பாய் விரித்தது போல விழ வேண்டும்.

வேகத்தைக் கூட்டுவது அவசியம். 2-ஆம் வகைக் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் மூழ்கும். 30 மீட்டரில் வெடிக்க 10 வினாடி. 14 நாட்டில் ஓடும் கப்பல் அதற்குள் 70 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். மெதுவாக ஓடினால் தன் அமரமே தாக்குப்படும். சுக்கான், புரொப்பல்லர் தண்டு எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வேகம் குறைந்த கலங்களுக்காகக் குண்டில் சிறு பாராசூட் கட்டி மூழ்கும் வேகத்தைக் குறைத்ததும் உண்டு.

90 மீட்டருக்கு அமைத்தால் நிலைமை தலைகீழ். குண்டு இறங்க 30 வினாடி. அந்த அரை நிமிடத்தில் நீர்மூழ்கிக்கு விலக நேரம் கிடைக்கும். 100 கிலோ மருந்து கனத்த உடலைப் பிளக்க வேண்டுமானால் சில மீட்டர் பக்கத்தில் வெடிக்க வேண்டும். தள்ளி வெடித்தால் விளக்கு உடையும், குழாய் கசியும், அவ்வளவுதான். அதோடு வெடிப்பால் கலங்கிய தண்ணீரில் சில நிமிடங்களுக்கு எதிரொலி எதுவும் பிடிபடாது. எறிகருவியில் மறுபடி 160 கிலோ பீப்பாயைத் தூக்கி வைக்கவும் நேரம் பிடிக்கும்.

இதனால்தான் குண்டின் எண்ணிக்கை முக்கியமானது. ஷிமுஷு தொடங்கியது 12 குண்டில். ‘சி’, ‘டி’ வகைகள் சுமந்தது 120. எடை மட்டும் 19 டன்னுக்கு மேல்.

உண்மையிலேயே இந்தக் கப்பல் ஒன்று பெரிய நீர்மூழ்கியை மூழ்கடித்ததா?
– உச்சிப்புளி வாசகர்

ஆம். 22-ஆம் எண் கைபோகான், ‘டி’ வகை. 1944 ஆகஸ்ட் 22 அன்று மணிலா வளைகுடா வாயில் அருகே அமெரிக்காவின் ஹார்டர், ஹாடோ என்ற இரண்டு நீர்மூழ்கிகள் சாடோ, மட்சுவா, ஹிபுரி என்ற மூன்று கைபோகான்களை மூழ்கடித்தன. ஒரே நாளில் மூன்று.

இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 24 காலை, லூசான் தீவின் தாசோல் விரிகுடாவுக்கு வெளியே 22-ஆம் எண் கப்பலும் இன்னொரு ரோந்துக் கப்பலும் வந்தன. அந்த ரோந்துக் கப்பல், சுரபாயாவில் விட்டுச் சென்ற அமெரிக்க நாசகாரிக் கப்பலை ஜப்பானியர் மீட்டுப் பயன்படுத்தியது. ஹார்டர் மூன்று டார்பிடோ ஏவியது, 22 விலகிக்கொண்டது. பிறகு குண்டுகளை வரிசை வரிசையாகப் போட்டது. பக்கத்தில் பதுங்கியிருந்த ஹேக் என்ற நீர்மூழ்கி 15 வெடிச் சத்தங்களைக் கேட்டது. ஹார்டரிலிருந்து அதன் பிறகு எந்தத் தகவலும் வரவில்லை. தலைவர் சாமுவேல் டீலி உட்பட 79 பேர் இறந்தார்கள். 2024 மே மாதம், 900 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் ஹார்டர் நிமிர்ந்த நிலையில் கிடப்பது கண்டுபிடிக்கப்பட்டதாக அமெரிக்கக் கடற்படை அறிவித்தது. கண்காணிப்புக் கோபுரத்துக்குப் பின்னால்தான் சேதம். 22-ஆம் எண் கப்பல் போர் முடியும் வரை தப்பியிருந்தது.

இந்த ஒன்றை வைத்து மொத்தத்தையும் எடை போட வேண்டாம். போர் முழுவதிலும் அமெரிக்கா எல்லாக் காரணங்களாலும் இழந்த நீர்மூழ்கிகள் 52. ஜப்பான் இழந்த வணிகக் கப்பல் டன்னில் பாதிக்கு மேல் நீர்மூழ்கிகளால் போனது. நீர்மூழ்கிக்கு மேல் விமானமும் சேர்ந்துகொண்டது. 1945 ஜனவரி 12 அன்று இந்தோசீனக் கரையில் ‘ஹி–86’ என்ற கப்பல் அணி விமானத் தாக்குதலில் சிக்கியது. பத்து வணிகக் கப்பலும் போயின. காவலுக்கு வந்த காஷி என்ற பெரிய கப்பலும் 23, 51 எண் கைபோகான்களும் மூழ்கின. நீருக்கடியில் காது வைத்துத் தேடும் கப்பலுக்கு, வானத்திலிருந்து வரும் நூற்றுக்கணக்கான விமானங்களைத் தடுக்க இரண்டு 120 மி.மீ. பீரங்கியும் ஒரு சில 25 மி.மீ. துப்பாக்கியும் எந்த மூலைக்கு?

நம் கடலுக்கு வந்தனவா?
– கீழக்கரை வாசகி

இல்லை. 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பையும் 9-ல் திருகோணமலையையும் தாக்கியது விமானந்தாங்கிப் பெருங்கப்பல் அணி. தனுஷ்கோடியிலிருந்து திருகோணமலை சுமார் 200 கி.மீ.தான் என்பதால் இங்கே பீதி பரவியதில் வியப்பில்லை. கைபோகான்களின் வழி சிங்கப்பூர், மலேயா, சைகோன், மணிலா பக்கம். 1941 டிசம்பரில் தாய்லாந்துக் கரையில் படை இறக்கிய கப்பல்களுக்குக் காவல் போனவை ஷிமுஷுவும், மேலே சொன்ன அதே காஷியும். பாக் நீரிணையில் ஏழெட்டுப் பாகத் தண்ணீரில் நீர்மூழ்கி ஒளியவும் முடியாது, வேட்டைக்கு வேலையும் இல்லை.

பள்ளிக் கண்காட்சிக்கு மிதக்கும் மாதிரி செய்ய விரும்புகிறேன். அளவு சொல்லுங்கள்.
– பரமக்குடி மாணவி

‘டி’ வகையை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டையான பக்கங்கள் என்பதால் செய்வது எளிது. 1:100 அளவில் நீளம் 69.5 செ.மீ., அகலம் 8.6 செ.மீ., நீர்க்கோடு அடியிலிருந்து 3 செ.மீ. உடலுக்குக் கல்யாண முருங்கைக் கட்டை போதும். உள்ளே குடைந்து, வார்னிஷ் இரண்டு கை அடியுங்கள். அடிக்காவிட்டால் கட்டை நீர் குடித்து ஒரு பக்கம் சாயும்.

பலரும் தவறுவது எடையில். நீளம் நூறில் ஒரு பங்கானால் எடை பத்து லட்சத்தில் ஒரு பங்காகும். 740 டன் கப்பலின் மாதிரி சுமார் 750 கிராம் இருக்க வேண்டும். எண்ணெயும் குண்டும் ஏற்றிய கப்பல் இன்னும் கனக்கும் என்பதால், நீர்க்கோட்டைத் தொடும் வரை வலைக்குக் கட்டும் ஈயத்தைச் சேர்த்துக்கொண்டே போங்கள். ஈயத்தை அடித்தளத்தில், நடுக்கோட்டில் ஒட்டுங்கள். பீரங்கிக் குழல் 5.4 செ.மீ.; தென்னை ஈர்க்கு கச்சிதம். ஆழ்கடல் குண்டு ஒவ்வொன்றும் 4.5 மி.மீ. விட்டம், 8 மி.மீ. நீளம்.

தொட்டியில் விட்டு ஒரு பக்கம் அழுத்தி விடுங்கள். சட்டென்று நிமிர வேண்டும். சோம்பலாக எழுந்தால் மேல்பாரம் அதிகம். 1934 மார்ச்சில் டொமோசுரு என்ற சிறிய ஜப்பானியப் போர்க்கலம் இதே குறையால் சசெபோ அருகே கவிழ்ந்து நூறு பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஜப்பானியர் தங்கள் கப்பல் வடிவங்களையெல்லாம் திரும்பக் கணக்குப் பார்த்தார்கள்.

வலையில் துருப்பிடித்த பீப்பாய், குண்டு மாதிரி ஏதாவது சிக்கினால் என்ன செய்வது?
– மூக்கையூர் வாசகர்

கைபோகானின் குண்டு இங்கே சிக்க வழியில்லை. ஆனால் எந்த நாட்டு வெடிபொருளானாலும் ஒரே விதி: படகில் ஏற்றாதீர்கள். தண்ணீருக்குள் இருக்கும்போதே தெரிந்தால் எஞ்சினை நிறுத்தி, வலையைத் தளர்த்தி, தேவைப்பட்டால் அறுத்து விடுங்கள். ஜி.பி.எஸ். புள்ளியைக் குறித்துக்கொண்டு தள்ளிப் போய், வி.எச்.எப். 16-ஆம் சேனலிலோ, கடலோரக் காவல்படையின் 1554 எண்ணிலோ, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணிலோ சொல்லுங்கள்.

தெரியாமல் தளத்துக்கு வந்துவிட்டால் தட்டவோ சுரண்டவோ வேண்டாம். எஞ்சின் சூட்டிலிருந்து விலகி, உருளாமல் முட்டுக் கொடுத்து, ஈரச் சாக்கு போட்டு நனைவாக வையுங்கள்; பழைய வெடிமருந்துகளில் சில காய்ந்தால் தொட்டாலே வெடிக்கும். ஆட்கள் எல்லோரும் எதிர்முனைக்குப் போக வேண்டும். சொல்லும் வரை துறைமுகத்துக்குள் கொண்டுவராதீர்கள். பழைய இரும்புக்குக் கிடைக்கும் காசுக்காகத் திறந்து பார்க்க நினைக்கவே கூடாது.

இப்போது ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா?
– பாம்பன் வாசகர்

இல்லை. போர் முடிந்ததும் மிஞ்சியவற்றின் ஆயுதங்களைக் கழற்றி, வெளிநாடுகளில் சிக்கிய ஜப்பானியரை ஊருக்கு ஏற்றிவரவும், அமெரிக்க விமானங்கள் 1945-ல் ஜப்பானியக் கடலில் விதைத்த 12,000-க்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளை வாரவும் பயன்படுத்தினார்கள். அந்த வேலையில் குனாஷிரி 1946-ல் கரை தட்டி அழிந்தது. 1947-ல் பலவற்றை வெற்றி பெற்ற நாடுகள் பங்கிட்டுக்கொண்டன. 1944 நவம்பரில் டார்பிடோ பட்டு முன்பக்கத்தை இழந்து, பழுது பார்க்கப்பட்டுத் தப்பிய ஷிமுஷு சோவியத் பங்கில் போனது.

கடைசியாக நின்றது ‘ஷிகா’. 1945 மார்ச்சில் முடிந்த இந்தக் கப்பல் பின்னால் ஜப்பானியக் கடலோரக் காவல்துறையின் ‘கொஜிமா’ என்ற பயிற்சிக் கப்பலானது. ஓய்வு பெற்றபின் சிபா நகரக் கரையில் நிறுத்தி மக்கள் கூடும் கடல் மையமாக வைத்திருந்தார்கள். 1998-ல் உடைத்துவிட்டார்கள்.